அந்த நேரம் கடக்கட்டும்



தேர்வு முடிவுகள் வருகிற மாதம் இது. இந்த நாட்களில் நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் பெரும்பகுதி பிள்ளைகளைப் பற்றியே இருக்கும். முன்பெல்லாம் எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று கேட்டு எழுதுவார்கள். இப்போது அவற்றுக்கு நடுவே வேறு விதமான கடிதங்களும் வருகின்றன. "ராத்திரி ரெண்டு மணிக்கும் போர்வைக்குள்ள போன் வெளிச்சம் தெரியுது. என்னம்மா பாக்குறேன்னு கேட்டா ஒண்ணுமில்லங்குறா. முன்ன மாதிரி சிரிக்கிறதே இல்ல" என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, இது ஒருவருக்கு மட்டும் எழுதி அனுப்பிவிடும் பதில் இல்லை என்று தோன்றியது. அதனால் இந்த முறை இந்தப் பக்கத்தில் தற்கொலை பற்றியும், பிள்ளைகள் போனில் பார்க்கிறவற்றுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு பற்றியும் எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. உங்கள் மனசே இப்போது சரியில்லை, உயிரோடு இருப்பதே பாரமாக இருக்கிறது என்றால் இந்தப் பக்கத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். தமிழில் பேசலாம். காசு கிடையாது.

லண்டனின் வடமேற்கே ஹாரோ என்றொரு பகுதி இருக்கிறது. இலங்கையிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் இடம். அங்கே 2017 நவம்பரில் மோலி ரசல் என்ற 14 வயதுச் சிறுமி இறந்துபோனாள். மூன்று பெண்களில் கடைக்குட்டி. பள்ளிக்கு ஒழுங்காகப் போய்வந்தவள். வீட்டில் யாருக்கும் பெரிதாக எந்தச் சந்தேகமும் எழவில்லை. கொஞ்சம் ஒதுங்கியிருக்கிறாள், இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தானே என்று நினைத்திருந்தார்கள். அவள் போன பிறகு அவளுடைய சமூக ஊடகக் கணக்குகளைத் திறந்து பார்த்த அப்பா இயன் ரசல், தன் மகள் வாழ்ந்துகொண்டிருந்த இன்னோர் உலகத்தை முதன்முதலாகக் கண்டார்.

அந்த மரணத்தின் மீதான விசாரணை முடிய ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆயின. 2022 செப்டம்பரில் வடக்கு லண்டன் மரண விசாரணை நீதிமன்றத்தில் ஆண்ட்ரூ வாக்கர் என்ற அதிகாரி முன்பு எல்லாம் வெளியே வந்தது. கடைசி ஆறு மாதங்களில் மோலி இன்ஸ்டாகிராமில் சேமித்தவை, பகிர்ந்தவை, விருப்பம் தெரிவித்தவை என்று 16,300 பதிவுகள். அவற்றில் 2,100 பதிவுகள் மனச்சோர்வையும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதையும், தற்கொலையையும் பற்றியவை. கணக்குப் போட்டுப் பார்த்தால் நாளொன்றுக்கு 11-க்கு மேல் வருகிறது. 14 வயதுப் பிள்ளை, ஆறு மாதம்.

அவள் அவற்றையெல்லாம் தேடிப் போனாள் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். தொடக்கத்தில் ஏதோ ஒன்றைத் தேடியிருக்கலாம். பிறகு அவை அவளைத் தேடி வந்தன. பின்டரெஸ்ட் என்ற படத்தளத்திலிருந்து அவளுக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. உங்களுக்குப் பிடிக்கக்கூடிய மனச்சோர்வுப் படங்கள் பத்து என்பது அதன் பொருள். சமையல் குறிப்பு பார்த்தவருக்குப் புதிய சமையல் குறிப்பு அனுப்புகிற அதே இயந்திரம், அதே வாசகத்தோடு, பதின்வயதில் இருந்த ஒரு பிள்ளைக்கு இதை அனுப்பியிருக்கிறது. அந்த நிறுவனத்தின் அதிகாரி நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். மோலி பயன்படுத்திய காலத்தில் தங்கள் தளம் பாதுகாப்பாக இல்லை என்று ஒப்புக்கொண்டார். இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் அதிகாரி அந்த அளவுக்கு இறங்கி வரவில்லை. விதியை மீறிய சில பதிவுகள் அவள் கண்ணில் பட்டதற்கு வருத்தம் தெரிவித்தார்; மற்றபடி, மனிதர்கள் தங்கள் துயரத்தை வெளிப்படுத்த இடம் வேண்டும் என்ற ரீதியில் வாதம் போயிற்று.

விசாரணையில் சாட்சியளித்த குழந்தை மனநல மருத்துவர் நவீன் வேணுகோபால், மோலி பார்த்த பதிவுகளைத் தானும் பார்த்த பிறகு சில வாரங்கள் தனக்கே சரியாகத் தூக்கம் வரவில்லை என்றார். இதே வேலையில் இருக்கிற, வயதும் அனுபவமும் உள்ள மருத்துவர் சொன்னது அது.

2022 செப்டம்பர் 30 அன்று வாக்கர் தன் முடிவைச் சொன்னார். மனச்சோர்வாலும் இணையப் பதிவுகளின் தீய விளைவாலும் அவதிப்பட்ட நிலையில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட செயலால் மோலி இறந்தாள் என்று பதிவு செய்தார். அவள் கேட்காமலேயே சில பதிவுகள் தேர்ந்தெடுக்கப்பட்டு அவளுக்குக் கொடுக்கப்பட்டன என்றும், அவை அவள் மரணத்துக்கு மிகச் சிறிய அளவையும் தாண்டித் துணைபோயின என்றும் சொன்னார். ஒரு மரணத்தின் காரணப் பட்டியலில் சமூக ஊடகத்துக்கு அதிகாரபூர்வமாக இடம் கொடுத்த அரிதான தீர்ப்பு அது. உலகம் முழுக்க இதைப் பற்றிப் பேசினார்கள்.

எனக்கு அந்த விசாரணையில் மறக்க முடியாதது வேறொன்று. மோலி ட்விட்டரில் பிரபலங்களுக்கு எழுதியிருக்கிறாள். லட்சக்கணக்கானவர்கள் பின்தொடரும் அவர்கள் கண்ணில் அவள் எழுதியது படுவதற்கு வழியே இல்லை. யாருக்காவது சொல்லவேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. அம்மா, அப்பா, இரண்டு அக்காக்கள் இருக்கும் வீட்டில், அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாதவர்களுக்கு எழுதியிருக்கிறாள்.

தற்கொலை பற்றி ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் உண்மை ஒன்று உண்டு. இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் மிகக் குறுகியது. பெரும்பாலும் அது கடந்துபோகும். அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் சைடன் 1978-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சான் பிரான்சிஸ்கோவில் உயிரை விடப் போன இடத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் அதற்குப் பிறகு என்ன ஆனார்கள் என்று பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தார். அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்கள் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். தடுத்தாலும் இன்னொரு நாள் இன்னொரு வழியில் போயே தீருவார்கள் என்று நம் ஊரில் சாவு வீட்டு வாசலில் பேசுகிறோமே, அது உண்மையில்லை. அந்த ஒரு பொழுதைக் கடத்திவிட்டால் போதும், முக்கால்வாசிக்கும் மேலே பிழைத்துக்கொள்கிறார்கள்.

கடந்துபோக வேண்டிய நேரத்தைக் கடக்க விடாமல் பிடித்து வைக்கின்றன என்பதுதான் மோலிக்கு வந்தது போன்ற பதிவுகளின் மேல் எனக்குள்ள குற்றச்சாட்டு.

எப்படி என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பதினாறு வயதுப் பையன். நண்பனோடு சண்டை, அல்லது மாதிரித் தேர்வில் மார்க் குறைவு. இரவு பதினொன்றரைக்குப் படுத்தபடி ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறான். வடிவேலு காமெடி, கிரிக்கெட், பைக், அடுத்து ஒரு மழைக் காட்சி. பின்னணியில் சோகப் பாட்டு. நான் இல்லாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்ற மாதிரி நாலு வரி. விரல் நிற்கிறது. அவன் லைக் போடவில்லை, கமெண்ட் எழுதவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை. விரல் நின்றது, அவ்வளவுதான். கடைசிவரை பார்த்தான், மறுபடி ஒருமுறை ஓடவிட்டான். அந்தச் சில விநாடிகள் கணக்கில் ஏறிவிட்டன. பத்து வீடியோ கழித்து அதே மாதிரி இன்னொன்று வருகிறது. அதிலும் நின்றால் ஐந்தாவதில் ஒன்று, மூன்றாவதில் ஒன்று. ஒரு வாரத்தில் வடிவேலு காணாமல் போய்விடுவார். அந்தக் கணக்கைப் போடும் நிரலுக்கு அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாது. அவன் நிற்கிறான் என்று மட்டும் தெரியும். நின்றால் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பான், இருந்தால் இன்னொரு விளம்பரம் காட்டலாம்.

நேற்று மனசு சரியில்லாதிருந்த பிள்ளை இன்று காலை இட்லி சாப்பிட்டு, பஸ்ஸில் நண்பனோடு ஏதோ பேசிச் சிரித்து, தன்னையறியாமல் அதிலிருந்து வெளியே வந்திருக்கும். நம் காலத்தில் நாமெல்லாம் அப்படித்தான் வந்தோம். இப்போது அதே பிள்ளை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போனைத் திறக்கிறது. நேற்றைய துயரம் புதுப் பாட்டோடு, புதுப் படத்தோடு காத்திருக்கிறது.

பெற்றோர் பலருக்கு இது பிடிபடுவதில்லை. அவர்கள் பயப்படுவது வேறொன்றுக்கு. 2017-ல் ப்ளூ வேல் என்ற இணைய விளையாட்டின் பெயரைச் சொல்லி நாடே நடுங்கியது நினைவிருக்கும். மதுரையில் ஒரு கல்லூரி மாணவர் இறந்ததை ஒட்டி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து அதை விசாரித்தது. அந்த விளையாட்டுக்கான இணைப்புகளை நீக்கும்படி இணைய நிறுவனங்களுக்கு மத்திய அரசு எழுதியது. யாரோ ஒரு கொடியவன் எங்கோ உட்கார்ந்து நம் பிள்ளைக்குக் கட்டளையிடுகிறான் என்ற பயத்தில் பெற்றோர் போனுக்குள் ஒரு பூதத்தைத் தேடினார்கள். பூதம் கிடைக்காத வீடுகளில் நிம்மதியாகிவிட்டார்கள். ஆனால் பிள்ளைகளின் போனில் ஓடுவது மிரட்டலாகத் தெரியாது. அழகாக இருக்கும். மென்மையான நிறம், நல்ல எழுத்து, மனசை வருடும் இசை. தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிற அம்மாவுக்கு அது ஏதோ கவிதை என்றே படும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். துயரத்தைப் பற்றி எழுதுவதும் படிப்பதும் தவறில்லை. தன்னைப் போலவே தவித்த இன்னொருவரின் எழுத்தைப் படித்து, நான் மட்டும் இப்படி இல்லை என்று மூச்சுவிட்டவர்கள் எத்தனையோ பேர். அப்படிப்பட்ட கடிதங்கள் இந்த இதழுக்கே வருகின்றன. அந்த வகையில் மெட்டா அதிகாரி சொன்னதில் பாதி உண்மை உண்டு. ஒரு மனிதர் தன் வலியைச் சொல்வது அவர் உரிமை. அந்த வலியை எடுத்து, இன்னும் பத்துப் பேருடைய வலியோடு சேர்த்து, சோர்ந்துகிடக்கும் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்குப் பதினொரு தடவை ஊட்டுவதைக் கருத்துரிமை என்று என்னால் ஏற்கமுடியவில்லை. எழுதியவர் அதைச் செய்யவில்லை. தேர்ந்தெடுத்துக் கொடுத்த நிறுவனம் செய்தது.

இதைச் சொல்லும்போது பத்திரிகைக்காரர்களான எங்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஒரு மரணத்தை எப்படிச் சொல்கிறோம் என்பது இன்னொரு உயிரைத் தொடும் என்று இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே தெரிந்துவிட்டது. முதல் பக்கத்தில் பெரிதாக வெளியான தற்கொலைச் செய்திகளுக்குப் பிறகு தற்கொலைகள் கூடுவதை அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் பிலிப்ஸ் 1974-ல் எண்ணிக்கை காட்டி நிறுவினார்.

ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்தின் கதை இதைவிட நம்பிக்கை தருவது. அங்கே 1978-ல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அந்த ரயில் பாதையில் தற்கொலைகள் கூடின. பத்திரிகைகள் ஒவ்வொன்றையும் கொட்டை எழுத்தில், படத்தோடு, நடந்தது நடந்தபடி எழுதிக்கொண்டிருந்தன. 1987-ல் தற்கொலைத் தடுப்புச் சங்கத்தினர் பத்திரிகைகளுக்குச் சில வழிமுறைகளை எழுதிக்கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் போடாதீர்கள், எப்படி நடந்தது என்று விவரிக்காதீர்கள், ஒற்றைக் காரணம் சொல்லி முடிக்காதீர்கள், உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்லுங்கள். பத்திரிகைகள் ஏற்றுக்கொண்டன. அந்த ஆண்டின் முதல் பாதியோடு ஒப்பிட, பின்பாதியில் அந்தப் பாதையில் நிகழ்ந்தவை 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இத்தனைக்கும் யாரும் செய்தியை மறைக்கவில்லை. சொல்லும் விதத்தை மாற்றிக்கொண்டார்கள்.

அதே ஆஸ்திரியாவில் 2010-ல் தாமஸ் நீடர்கிரோட்டென்தாலர் என்ற ஆய்வாளரின் குழு இன்னும் ஒருபடி மேலே போனது. நூற்றுக்கணக்கான செய்திகளை எடுத்து ஆராய்ந்து, சாக நினைத்த ஒருவர் அதிலிருந்து எப்படி மீண்டார் என்று சொல்லும் செய்திகள் வந்த பிறகு தற்கொலைகள் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பாபகெனோ விளைவு. மொசார்ட்டின் இசை நாடகம் ஒன்றில் வரும் பறவை பிடிப்பவன் பாபகெனோ. காதலியை இழந்துவிட்டோம் என்று நொந்து சாகத் துணிகிறான். மூன்று சிறுவர்கள் வந்து, உன்னிடம் மணி இருக்கிறதே, அதை அடித்துப் பார் என்று நினைவூட்டுகிறார்கள். அடிக்கிறான், அவள் வந்துவிடுகிறாள். அந்தச் சிறுவர்கள் அவனுக்கு எந்த உபதேசமும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பொழுதைக் கடத்திவிட்டார்கள்.

நம் இந்தியப் பத்திரிகை மன்றமும் 2019-ல் இதே போன்ற வழிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் தேர்வு முடிவு வந்த மறுநாள் தொலைக்காட்சியில், யூட்யூப் செய்தித் தளங்களில் என்ன பார்க்கிறோம்? "மதிப்பெண் குறைந்ததால் மாணவி தற்கொலை" என்ற ஒரு வரி. பள்ளிச் சீருடையில் சிரிக்கும் படம். வாசலில் அழும் அம்மாவின் முகத்துக்கு நேரே மைக். நம் இதழின் மேசைக்கும் இப்படி ஒரு தலைப்பு வந்தது. இளம் உதவி ஆசிரியர் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருந்தார், கல்விமுறையைக் கண்டிக்கும் கட்டுரைக்கு. அந்தத் தலைப்பை வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். அந்த ஒரு வரியைப் படிக்கும் பல ஆயிரம் பிள்ளைகள் அதே வாரம் மதிப்பெண் குறைந்து உட்கார்ந்திருப்பார்கள். மதிப்பெண் குறைந்தால் அடுத்து நடப்பது இது என்று அந்த வரி அவர்களுக்குச் சொல்லிவிடும். உண்மையில் எந்தத் தற்கொலைக்கும் ஒற்றைக் காரணம் கிடையாது. தலைப்பை மாற்றினோம். படத்தை எடுத்துவிட்டோம். கட்டுரையின் நடுவே உதவி எண்ணைப் போட்டோம், கடைசியில் பொடி எழுத்தில் போடாமல்.

2022-ல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. இந்த எண்ணை எழுதக் கை தயங்குகிறது. ஆனால் இதைக் குறைக்க முடியும் என்று காட்டியவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் சிநேகா என்ற அமைப்பைத் தொடங்கினார். தன்னார்வலர்கள் உட்கார்ந்து, பேசுகிறவர் பேசி முடிக்கும்வரை கேட்பதுதான் அங்கே வேலை. தேர்வில் தவறிய பிள்ளை ஒரு வருடத்தை இழக்காமல் உடனே மறுபடி எழுதும் துணைத்தேர்வு முறைக்காக வாதாடியவர்களில் அவரும் ஒருவர். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017-ல் கைவிட்டது. இவையெல்லாம் சின்ன மாற்றங்களாகத் தெரியலாம். தேர்வு முடிவு வந்த அந்த ஒரு நாளைப் பிள்ளை கடந்துவர இவை கைகொடுக்கின்றன.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். மோலியின் அப்பா மற்ற பெற்றோரோடு சேர்ந்து பல ஆண்டுகள் விடாமல் குரல் கொடுத்தார். 2023 அக்டோபரில் பிரிட்டனில் இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தற்கொலையை, தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைத் தூண்டும் பதிவுகள் குழந்தைகளை எட்டாதபடி பார்த்துக்கொள்வது நிறுவனத்தின் கடமை. தவறினால் உலக அளவிலான வருமானத்தில் 10 சதவீதம்வரை அபராதம் விழும். ஆஸ்திரேலியா 16 வயது ஆகாதவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று 2024-ல் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் விளம்பரத்தோடு நின்றுவிடக் கூடாது. சோர்ந்திருக்கும் பிள்ளைக்கு எதைப் பரிந்துரைத்தாய், ஏன் பரிந்துரைத்தாய் என்று நிறுவனத்தை நிற்கவைத்துக் கேட்கும் சட்டம் நமக்கு வேண்டும். தமிழில் ஓடும் பதிவுகளைக் கவனிக்கத் தமிழ் தெரிந்த ஆட்கள் போதிய அளவில் வேண்டும். வட்டாரப் பேச்சும், தங்கிலீஷும், மீம்ஸும் தெரிந்தவர்கள் வேண்டும். ஆங்கிலத்தில் பிடிபடும் வார்த்தை, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினால் பிடிபடாமல் நழுவிவிடும்.

சட்டம் வரும்வரை வீட்டில் என்ன செய்வது?

போனைப் பிடுங்காதீர்கள். இதை முதலில் சொல்லக் காரணம், நம் கை முதலில் போவது அதற்குத்தான். பிடுங்கினால் பிள்ளை நண்பனுடைய போனில் பார்க்கும். அதைவிட முக்கியம், இனிமேல் உங்களிடம் எதையும் சொல்லாது. பக்கத்தில் உட்காருங்கள். உனக்கு என்னவெல்லாம் வருது, காட்டேன் என்று கேளுங்கள். முதல் நாள் காட்டமாட்டார்கள். உங்கள் போனில் உங்களுக்கு வருவதை நீங்கள் முதலில் காட்டுங்கள். பேச்சு தொடங்கிய பிறகு, வேண்டாத பதிவை அழுத்திப் பிடித்து ஆர்வமில்லை என்று கொடுக்கலாம். யூட்யூபில் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்தால் பரிந்துரைகள் மாறும். இரவில் போன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஏறட்டும், உங்கள் போனும் சேர்த்து. ஆபத்தான பொருட்களும் மாத்திரைகளும் எளிதில் கைக்கெட்டும் இடத்தில் வீட்டில் இருக்கவேண்டாம்.

பிள்ளையின் போக்கில் மாற்றம் தெரிந்தால், சாப்பாடும் தூக்கமும் மாறினால், பிடித்த பொருளை யாருக்காவது கொடுத்துவிட்டால், "நான் இல்லேன்னா நீங்க நிம்மதியா இருப்பீங்க" என்பது போல ஒரு சொல் விழுந்தால், நேராகக் கேளுங்கள். சுற்றிவளைக்க வேண்டாம். "செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?" என்றே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று எல்லோருக்கும் பயம். அப்படி நடப்பதில்லை. ஆய்வுகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற ஆறுதல்தான் பெரும்பாலும் வருகிறது.

பதில் ஆமாம் என்று வந்தால் நெஞ்சு பதறும். பதறட்டும், முகத்தில் காட்டவேண்டாம். "உனக்கென்ன குறை வெச்சோம்?", "எங்களை நெனச்சுப் பாத்தியா?", "எல்லாம் இந்தப் போனாலதான்" என்ற மூன்றும் நாக்கின் நுனிவரை வரும். விழுங்கிவிடுங்கள். "சொன்னியே, அது போதும். நான் எங்கயும் போகலை. சேர்ந்து பாத்துக்கலாம்" என்று சொல்லுங்கள். அன்றிரவு தனியாக விடாதீர்கள். மறுநாள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள், நாளைக்குக் கல்யாணம் ஆகுமா என்ற கேள்விகளை அப்படியே ஓரமாக வையுங்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயமும் வேண்டாம். 2017-ல் இயற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளவேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுக்கவேண்டும் என்கிறது.

இளம் வாசகர்களிடமும் ஒரு வார்த்தை. உங்கள் நண்பன் ராத்திரி ஒரு ஸ்டேட்டஸ் போடுகிறான். படித்ததும் உங்களுக்குள் என்னவோ செய்கிறது. சோக எமோஜி போட்டுவிட்டுப் போகாதீர்கள். கூப்பிடுங்கள். எடுக்காவிட்டால் அவன் வீட்டில் யாருக்காவது சொல்லுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று அவன் சத்தியம் வாங்கியிருந்தாலும் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வான், பேசாமலிருப்பான். உயிரோடு இருந்து பேசாமலிருக்கட்டும், பரவாயில்லை. அந்தப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வகுப்புக் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியா முழுவதற்கும் டெலி மானஸ் 14416. தமிழ்நாட்டில் 104. சென்னை சிநேகா 044-24640050. ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு 1098. இலங்கை வாசகர்களுக்குத் தேசிய மனநல உதவி எண் 1926. சிங்கப்பூரில் 1767.

இந்த இதழிலிருந்து தற்கொலை பற்றி எந்தச் செய்தி, கதை, திரைவிமர்சனம் வந்தாலும் அதே பக்கத்தில் இந்த எண்களும் இருக்கும். எப்படி நடந்தது என்ற விவரம் எதிலும் இருக்காது. சிறுகதை அனுப்பும் எழுத்தாள நண்பர்களுக்கும் இதே வேண்டுகோள். அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கத்தை, சாக நினைத்து மீண்டு வந்தவர்களுக்கு ஒதுக்குகிறோம். அன்றைய நாளைப் பற்றி எழுதவேண்டாம். அதற்கு அடுத்த நாளைப் பற்றி எழுதுங்கள். யார் வந்தார்கள், யார் கேட்டார்கள், என்ன சாப்பிட்டீர்கள், எந்த மருத்துவர் என்ன சொன்னார், வேலைக்கோ பள்ளிக்கோ மறுபடி எப்படிப் போனீர்கள் என்று எழுதுங்கள். பெயரும் ஊரும் வெளியிடமாட்டோம். 18 வயது ஆகாதவர்கள் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து எழுதி அனுப்புங்கள். உறையின் மேல் 'மறுநாள்' என்று குறிப்பிட்டால் நேராக என் மேசைக்கு வந்துவிடும். ஒவ்வொன்றையும் நானே படித்துப் பதில் எழுதுவேன்.

அன்புடன்,
ஆசிரியர்